ஆங்கி திறக்கிறது, உள்ளே ஒன்றுமே இல்லை

ஆகஸ்ட்டில், சிங்கப்பூரின் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான பிஎஸ்எல்இயின் வாய்மொழித் தேர்வு. பிள்ளை ஆறு மாதமாக மரபுத்தொடர், இணைமொழி என்று ஆங்கி என்ற மனப்பாட அட்டைச் செயலியில் அட்டை அட்டையாகச் சேர்த்து வைத்திருக்கிறது. ஒரு மாலை மடிக்கணினியைத் திறந்து ஆங்கியைச் சொடுக்கினால் சன்னல் வருகிறது. மேலே ஃபைல், எடிட், வியூ, டூல்ஸ், ஹெல்ப் என்ற வரிசையும் இருக்கிறது. அதற்குக் கீழே வெள்ளைச் சுவர். டார்க் மோட் வைத்திருந்தால் கருஞ்சுவர்.

வீட்டில் அடுத்து நடப்பது பெரும்பாலும் ஒரே மாதிரிதான். அப்பா அன்இன்ஸ்டால் செய்வார். திரும்ப இன்ஸ்டால் செய்வார். அப்போதும் வெள்ளை. "மிச்சம் மீதி எங்கோ கிடக்கிறது" என்று தேடிப் பிடித்து ஆங்கி2 என்ற ஃபோல்டரையும் அழிப்பார். அட்டைகள் போவது அந்த நொடியில்தான். அதுவரை ஒன்றும் ஆகியிருக்காது.

ஆகவே முதல் வேலை நகல். ஆங்கியை முழுதாக மூடுங்கள். விண்டோஸ் விசையோடு ஆர் அழுத்தினால் ஒரு சிறு பெட்டி வரும். அதில் சதவீதக் குறி, ஆப்டேட்டா, மறுபடி சதவீதக் குறி என்று இடைவெளி இல்லாமல் தட்டி என்டர் அழுத்துங்கள். (கோப்புப் பெயர்களை இங்கே ஒலிப்பாக எழுதியிருக்கிறது, கணினியில் ஆங்கில எழுத்தில்தான் தட்ட வேண்டும்.) திறக்கும் இடத்தில் ஆங்கி2 ஃபோல்டர் இருக்கும். அதை அப்படியே தம்ப்டிரைவில் போடுங்கள். மேக்கில் ஃபைண்டரின் கோ மெனுவில் 'கோ டு ஃபோல்டர்' தேர்ந்து, உங்கள் லைப்ரரிக்குள் அப்ளிகேஷன் சப்போர்ட்டுக்குள் போனால் அதே ஃபோல்டர். உள்ளே யூசர் 1 என்றோ நீங்கள் வைத்த பெயரிலோ ஒரு ஃபோல்டர். அதற்குள் கலெக்‌ஷன் டாட் ஆங்கி2 என்ற ஒரே கோப்பில் எல்லா அட்டைகளும், படித்த வரலாறும். பக்கத்தில் படமும் ஒலியும் இருக்கும் கலெக்‌ஷன் டாட் மீடியா, பேக்கப்ஸ் என்ற ஃபோல்டர்கள். செயலியை அன்இன்ஸ்டால் செய்தாலும் இவை அப்படியே இருக்கும், ஏனென்றால் செயலி இருக்கும் இடம் வேறு. மறுபடி இன்ஸ்டால் செய்வதால் வெள்ளைத் திரை போகாததற்கும் பல நேரம் இதுவே காரணம்: கோளாறு இந்த ஃபோல்டரில் இருந்தால், புதிதாகப் போட்ட செயலியும் வந்து இதையேதான் படிக்கிறது.

நகல் எடுத்தாயிற்று. இனி நிதானமாகப் பார்க்கலாம்.

ஆங்கியின் சன்னல் இரண்டு விதமான பொருளால் கட்டப்பட்டது. மெனு வரிசை, பிரெஃபரன்சஸ் பெட்டி, ஆட்-ஆன் (பிறர் எழுதிய கூடுதல் செருகல்) பட்டியல் இவையெல்லாம் க்யூட்டி என்ற கருவித்தொகுப்பு நேராக வரைவது. டெக் (அட்டைக் கட்டு) பட்டியல், படிக்கும் அட்டை, மேலே உள்ள டெக்ஸ், ஆட், பிரவுஸ் பட்டை, கீழே உள்ள கிரியேட் டெக் பட்டை ஆகியவை வலைப்பக்கங்கள். குரோமுக்கு அடியில் ஓடும் குரோமியம் எஞ்சினே இங்கேயும் உள்ளே உட்கார்ந்து அவற்றை வரைகிறது. அந்தப் பக்கங்களைக் கொடுப்பது ஆங்கியே உங்கள் கணினிக்குள் நடத்தும் ஒரு குட்டி சர்வர், முகவரி 127.0.0.1, அதாவது இதே கணினி. வெளி இணையத்துக்குப் போகவே போகாது. ரவுட்டரை அணைத்துப் போடுவதில் பயனில்லை என்பது இதனால்தான்.

மெனு தெரிந்து நடு மட்டும் வெறுமையாக இருந்தால், பிசகியது அந்த வலைப்பக்கப் பகுதி. பக்கம் வந்தும் கிராஃபிக்ஸ் அதைத் திரையில் வரைய முடியாமல் இருக்கலாம், அல்லது பக்கமே வந்து சேராமல் இருக்கலாம். எது என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

அதற்கு முன் மனம் அமைதிப்பட ஒரு சோதனை. வெற்றுத் திரையைப் பார்த்துக்கொண்டே விசைப்பலகையில், பிரவுஸ் என்ற ஆங்கிலச் சொல்லின் முதல் எழுத்தான பி-யை ஒருமுறை அழுத்துங்கள். பிரவுஸ் சன்னல் திறக்கும். அதன் இடப்பக்க டெக் மரமும் நடுவில் உள்ள அட்டைப் பட்டியலும் க்யூட்டி நேராக வரைபவை, ஆகவே எஞ்சின் படுத்துக் கிடந்தாலும் இவை தெரியும். கீழேயோ பக்கத்திலோ உள்ள திருத்தும் பகுதி மட்டும் வெளுத்துக் கிடக்கும். 'கண்ணும் கருத்தும்', 'ஆற அமர' என்று உங்கள் அட்டைகள் வரிசையாகத் தெரிந்தால் கலெக்‌ஷன் நலமாக இருக்கிறது என்று பொருள். மீதிப் பிரச்சினை வெறும் ஓவியப் பிரச்சினை. பி அழுத்தியும் ஒன்றும் நகரவில்லை, மேலே 'நாட் ரெஸ்பாண்டிங்' என்று வருகிறது என்றால் அது வேறு நோய்: செயலியே தொங்கி நிற்கிறது. டாஸ்க் மேனேஜரில் ஆங்கியை முடித்துவிட்டுத் திறந்து பாருங்கள். ஆங்கி ஒரே நேரத்தில் ஒன்றுதான் ஓடும். முதலாவது தொங்கிக்கொண்டிருந்தால் எத்தனை முறை சொடுக்கினாலும் அதே பிணத்தைத்தான் எழுப்பி நிறுத்தும்.

இரண்டாவது சோதனை, சன்னலின் மூலையைப் பிடித்து இழுப்பது. இழுக்கும்போது உள்ளடக்கம் ஒரு கணம் பளிச்சிட்டு மறைகிறதா? கறுப்புக் கட்டங்கள் சிதறுகின்றனவா? அப்படியானால் சந்தேகமே வேண்டாம், கிராஃபிக்ஸ்தான். லேப்டாப் தூங்கி எழுந்த பிறகு மட்டும் வெளுக்கிறது என்றாலும் அதுவே. அதற்கு ஒரு குறுக்குவழி உண்டு: விண்டோஸ், கண்ட்ரோல், ஷிஃப்ட் மூன்றையும் பிடித்துக்கொண்டு அதே பி. திரை ஒரு கணம் கறுத்து, ஒரு சிறு ஒலி வரும். கிராஃபிக்ஸ் சிப்பை இயக்கும் மென்பொருளான டிரைவர் மறுபடி தொடங்கிவிட்டது. மற்ற சன்னல்களில் உள்ள வேலை எதுவும் போகாது.

வெற்றுத் திரை வரும் இடங்களில் கிராஃபிக்ஸுக்கே முதல் இடம் கொடுப்பேன். சிங்கப்பூர் வீடுகளில் பிள்ளையின் கைக்கு வரும் மடிக்கணினி பல நேரம் அலுவலகத்தில் ஓய்வு பெற்று வந்தது, அல்லது அண்ணனிடமிருந்து இறங்கி வந்தது. அதன் கிராஃபிக்ஸ் சிப்புக்குத் தயாரிப்பாளர் புது டிரைவர் விடுவதை நிறுத்தி ஆண்டுகள் ஆகியிருக்கும். செயலியோ புதுப்பித்துக்கொண்டே போகிறது. ஒரு புதுப்பிப்பில் இரண்டும் ஒத்துப்போகாமல் போகும். அன்று மாலைதான் வெள்ளைச் சுவர். சில நேரம் விண்டோஸ் அப்டேட் தானாக டிரைவரை மாற்றிவிட்டும் இது வரும்.

பிரெஃபரன்சஸ் பெட்டி க்யூட்டி வரைவது என்றேன் அல்லவா, ஆகவே திரை வெளுத்திருக்கும்போதே அதைத் திறக்கலாம். டூல்ஸ், பிறகு பிரெஃபரன்சஸ். முதல் தாவலிலேயே 'வீடியோ டிரைவர்' என்று ஒரு தேர்வு இருக்கும். விண்டோஸில் இப்போதைய பதிப்புகள் டைரக்ட்3டியில் நிற்கும். அதை சாஃப்ட்வேர் என்று மாற்றி, ஆங்கியை மூடித் திறங்கள். மூடித் திறக்காமல் மாற்றம் வராது. 'மாற்றினேன், ஒன்றும் ஆகவில்லை' என்பவர்களில் பாதிப் பேர் இங்கே விட்டிருப்பார்கள். சாஃப்ட்வேர் என்றால் வரையும் வேலையை கிராஃபிக்ஸ் சிப்பிடம் கொடுக்காமல் பிராசஸரே செய்துகொள்கிறது. பெயருக்குப் பக்கத்தில் மெதுவானது என்று போட்டிருப்பதைப் பார்த்துத் தயங்க வேண்டாம். ஒரு சொல்லும் அதன் பொருளும் உள்ள அட்டைக்கு அந்த வேறுபாடு கண்ணுக்குத் தெரியாது. அசையும் படங்கள் நிறைந்த உடற்கூறு அட்டைகள் வைத்திருக்கும் மருத்துவ மாணவருக்குக் கொஞ்சம் தெரியும்.

சன்னல் திறந்த உடனே மூடிக்கொண்டால், மெனுவைத் தொடவே முடியாது. அப்போது கையால் செய்ய வேண்டும். நோட்பேடைத் திறந்து சாஃப்ட்வேர் என்ற ஒரே சொல்லை ஆங்கிலத்தில், எல்லாம் சிறிய எழுத்தில் தட்டுங்கள். ஆங்கி2 ஃபோல்டருக்குள், ஆட்-ஆன் ஃபோல்டர் இருக்கும் அதே மட்டத்தில், யூசர் 1க்கு உள்ளே அல்ல, சேமியுங்கள். கோப்பின் பெயர் ஜி, எல், உடனே டிரைவர், கடைசியில் 6. இடைவெளி கிடையாது, பின்னால் டாட் டிஎக்ஸ்டியும் கிடையாது. எல்லாரும் வழுக்கி விழும் இடம் இந்தக் கடைசி விஷயம். நோட்பேட் தானாகவே டிஎக்ஸ்டியை ஒட்டும். விண்டோஸ் அதைத் தானாகவே மறைக்கும். பார்க்கச் சரியாக இருக்கும், ஆங்கி கண்டுகொள்ளாது. சேமிக்கும் பெட்டியில் 'சேவ் ஆஸ் டைப்' என்பதை 'ஆல் ஃபைல்ஸ்' என்று மாற்றிவிட்டுச் சேமித்தால் ஒட்டாது. பிறகு ஃபோல்டரின் வியூ மெனுவில் 'ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்' என்பதை இயக்கி ஒருமுறை சரிபாருங்கள். அந்தப் பெயரில் கோப்பு ஏற்கெனவே இருந்தால் புதிதாக வேண்டாம், அதையே திறந்து உள்ளே இருக்கும் சொல்லை மாற்றினால் போதும். பழைய க்யூட்டி5 பதிப்புகளில் பெயரின் கடைசியில் 6 இருக்காது.

எந்தப் பதிப்பு என்று தெரிய ஹெல்ப், அபௌட். 2.1 என்று தொடங்கினால் பழசு. 2023 அக்டோபரில் வந்த 23.10 முதல் எண்ணே ஆண்டும் மாதமும்தான்: 24.11 என்றால் 2024 நவம்பர். (2006இல் டேமியன் எல்ம்ஸ் தொடங்கிய செயலி, ஆங்கி என்றால் ஜப்பானிய மொழியில் மனப்பாடம்.)

இரண்டு கிராஃபிக்ஸ் உள்ள மடிக்கணினிகள், அதாவது இன்டெல் ஒன்று, விளையாட்டுக்கென்று என்விடியா ஒன்று என்று வாங்கியவை, தனி ரகம். வெளித்திரை மாட்டினால் வெளுக்கும், கழற்றினால் தெரியும். விண்டோஸ் செட்டிங்ஸில் சிஸ்டம், டிஸ்ப்ளே, கிராஃபிக்ஸ் என்று போய், ஆங்கியைப் பட்டியலில் சேர்த்து 'பவர் சேவிங்' என்று கொடுங்கள். இன்டெல் சிப்போடு அது நின்றுவிடும்; அட்டை படிக்க என்விடியா தேவையே இல்லை. டிரைவரைப் புதுப்பிக்க வேண்டுமென்றால் மடிக்கணினி தயாரிப்பாளரின் ஆதரவுப் பக்கத்திலிருந்து எடுங்கள். 'உங்கள் டிரைவர்களை ஒரே சொடுக்கில் புதுப்பிக்கிறோம்' என்று வரும் செயலிகளின் பக்கமே போகாதீர்கள்.

டிரைவரை மாற்றியும் வெள்ளையா? அடுத்து ஆட்-ஆன். ஷிஃப்ட் விசையை அழுத்திப் பிடித்தபடியே ஆங்கியைத் திறங்கள். சன்னல் முழுதாக வரும்வரை விரலை எடுக்காதீர்கள். ஆட்-ஆன் எதுவும் ஏறாமல் திறக்கும். இப்போது டெக் பட்டியல் தெரிந்தால் குற்றவாளி அவற்றில் ஒன்று. ஆட்-ஆன் எழுதியவர் ஆங்கியின் உள் உறுப்புகளைப் பிடித்துத் தொங்கவிட்டிருப்பார். புதுப் பதிப்பில் அந்த உறுப்பு இடம் மாறியதும் பக்கம் பாதியில் நின்றுவிடும். பின்னணிப் படம் போடுபவை, டெக் பட்டியலின் தோற்றத்தை மாற்றுபவை, வெப்ப வரைபடம் காட்டுபவை ஆகியவற்றை முதலில் சந்தேகியுங்கள், ஏனென்றால் அவைதான் அந்த வெள்ளைப் பகுதிக்குள் கைவைப்பவை.

கண்டுபிடிக்க ஒவ்வொன்றாக அணைத்துப் பார்க்க வேண்டாம். டூல்ஸில் ஆட்-ஆன்ஸைத் திறந்து பாதியை அணைத்து, வழக்கம்போல் மூடித் திறங்கள். தெரிந்தால் குற்றவாளி அணைத்த பாதியில். தெரியாவிட்டால் மீதிப் பாதியில். அந்தப் பாதியை மறுபடி பாதியாக்குங்கள். 16 ஆட்-ஆன் இருந்தாலும் 4 சுற்றில் ஆள் சிக்குவார். ஷிஃப்ட் பிடித்தும் திறக்கவில்லை என்றால், ஆங்கி2வுக்குள் இருக்கும் ஆட்ஆன்ஸ்21 ஃபோல்டரின் பெயருக்குப் பின்னால் ஏதாவது ஓர் எழுத்தைச் சேர்த்துவிட்டுத் திறங்கள். அழிக்க வேண்டாம், சில ஆட்-ஆன்களில் பிள்ளை வைத்திருந்த அமைப்புகள் உள்ளே இருக்கும்.

அடுத்தது பக்கமே வந்து சேராத வகை. அறிகுறி இது: மூலையை இழுத்தாலும் எதுவும் பளிச்சிடாது, டிரைவரை மாற்றினாலும் மாற்றமில்லை, ஷிஃப்டிலும் அதே வெள்ளை. கணினியில் தனியாக வாங்கிப் போட்ட ஆன்டிவைரஸ் இருக்கிறதா, அலுவலக விபிஎன் இருக்கிறதா என்று பாருங்கள். வலைப் போக்குவரத்தை வடிகட்டும் மென்பொருள், 127.0.0.1க்கான போக்குவரத்தையும் சந்தேகப்பட்டு மறித்துவிடும். விபிஎன்னைத் துண்டித்துத் திறந்து பாருங்கள். ஆன்டிவைரஸில் வெப் ஷீல்டு போன்ற பெயரில் உள்ள பகுதியை மட்டும் ஐந்து நிமிடம் நிறுத்திப் பாருங்கள். தெரிந்தால், விதிவிலக்குப் பட்டியலில் ஆங்கியைச் சேர்த்துவிட்டு ஷீல்டைத் திரும்ப இயக்குங்கள். நிரந்தரமாக அணைத்து வைப்பது தீர்வே இல்லை. அலுவலக மடிக்கணினி என்றால் இதையெல்லாம் நீங்களாகச் செய்யாமல் ஐடி பிரிவிடம் கேளுங்கள்.

உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளின் தனிப்பட்ட கற்றல் சாதனமான பிஎல்டிக்கும் அதே கட்டுப்பாடுதான். அதில் டிஎம்ஏ என்ற சாதன நிர்வாகச் செயலி இருக்கும். எதை நிறுவலாம், எந்த நேரத்தில் எது ஓடலாம் என்பதைப் பள்ளியும், பள்ளி நேரத்துக்குப் பிறகு பெற்றோர் தேர்ந்த அமைப்பும் தீர்மானிக்கும். பகலில் ஓடாதது இரவில் ஓடுகிறது, அல்லது அதற்கு நேர்மாறாக நடக்கிறது என்றால் கிராஃபிக்ஸை நோண்டாதீர்கள். பள்ளியின் ஐடி உதவியிடம் போங்கள். குரோம்புக், ஐபேட் என்றால் விண்டோஸ் செயலியின் பேச்சே எழாது. அங்கே பிரவுசரில் ஆங்கியின் இணையத்தளமான ஆங்கிவெப் போதும். நூலகத்தின் பொதுக் கணினியிலும் அப்படித்தான்.

ஆங்கிவெப்பைச் சொன்னதால் ஓர் எச்சரிக்கை. கணக்கு வைத்து சிங்க் செய்துவந்திருந்தால், திரை சரியாகும்வரை பிள்ளை அதிலேயே படிக்கலாம், ஒருநாளும் தவறாது. ஆனால் கணினியில் புதிதாக நிறுவி, வெறும் கலெக்‌ஷனோடு சிங்க் அழுத்தும்போது 'அப்லோடா, டவுன்லோடா' என்று ஒரு பெட்டி கேட்டால் அங்கே நில்லுங்கள். கணினியில் இருப்பது வெறுமை. அப்லோட் கொடுத்தால் அந்த வெறுமை போய் ஆங்கிவெப்பில் இருக்கும் ஆறு மாத உழைப்பின் மேல் உட்காரும். வேண்டியது டவுன்லோட்.

இத்தனைக்கும் பிறகு ஒரு புரொஃபைல் (ஒருவருக்கான தனி அட்டைத் தொகுப்பு) மட்டும் வெளுக்கிறதா என்று பாருங்கள். ஃபைல் மெனுவில் 'ஸ்விட்ச் புரொஃபைல்', அங்கே ஆட், ஏதாவது ஒரு பெயர். புதியது ஒழுங்காகத் தெரிந்து பழையது தெரியாவிட்டால் கோளாறு அந்தக் கலெக்‌ஷனில். பழையதைத் திறந்து டூல்ஸில் 'செக் டேட்டாபேஸ்' ஓட்டுங்கள். அதுவும் கைகொடுக்காவிட்டால் அதே ஸ்விட்ச் புரொஃபைல் பெட்டியில் 'ஓப்பன் பேக்கப்' இருக்கிறது; தேதி பார்த்து, கோளாறு தொடங்குவதற்கு முந்தைய நாளினதை எடுங்கள். தானாக எடுக்கப்படும் பேக்கப்பில் அட்டைகள் மட்டுமே உண்டு, படமும் ஒலியும் இராது. ஆகவே மீடியா ஃபோல்டரை மட்டும் எக்காரணத்துக்கும் அழிக்காதீர்கள். கலெக்‌ஷன் இப்படிக் கெட்டுப்போவதற்கு அடிக்கடி காணும் காரணம், ஆங்கி2 ஃபோல்டரையே கிளவுட் டிரைவுக்குள் கொண்டுபோய் வைப்பது. ஆங்கி எழுதிக்கொண்டிருக்கும்போதே கிளவுட் அதைப் பாதியில் தூக்கிக்கொண்டு போகும். கிளவுடில் நகல் வைக்கலாம். மூலத்தை வைக்கக் கூடாது.

யாரிடமாவது உதவி கேட்பதென்றால் வெள்ளைத் திரையைப் படம் பிடித்து அனுப்புவதில் ஒன்றும் இல்லை, எல்லா வெள்ளையும் ஒரே வெள்ளை. அபௌட் பெட்டியில் 'காப்பி டீபக் இன்ஃபோ' என்ற பொத்தான் இருக்கிறது. ஆங்கி, க்யூட்டி பதிப்பு எண்கள், இயங்குதளம், ஆட்-ஆன் பட்டியல் எல்லாம் அதில் வரும். அதோடு ஷிஃப்டில் திறந்தபோது என்ன ஆனது, பி அழுத்தியபோது என்ன தெரிந்தது என்ற இரண்டு வரியும் சேர்த்தால் உதவுபவர் உடனே வேலைக்கு இறங்கலாம்.

கடைசியாக, வெற்றுச் சன்னல் என்று சொல்லி வருவதில் சிலது வெற்றுச் சன்னலே அல்ல. டெக் பட்டியல் தெரிகிறது, எண்கள் தெரிகின்றன, அட்டை மட்டும் காலி. இரவில் காலி, பகலில் தெரிகிறது என்றால், வலைப்பக்கத்திலிருந்து ஒட்டிய சொற்கள் தம் கறுப்பு நிறத்தையும் சேர்த்துக் கொண்டுவந்திருக்கும். டார்க் மோடில் கறுப்பின் மேல் கறுப்பு. அட்டை இருக்கும் இடத்தில் மவுஸை அழுத்தி இழுத்தால் எழுத்து நிழலாடித் தெரியும். திருத்தும் பகுதியில் அந்த வரியைத் தேர்ந்து கண்ட்ரோல் ஆர் அழுத்துங்கள், நிறம் போய்விடும். எழுத்துக்குப் பதில் கட்டம் கட்டமாக வந்தால் அது எழுத்துருவின் வேலை: அட்டையின் தோற்றத்தை வகுக்கும் டெம்ப்ளேட்டின் ஸ்டைலிங் பகுதியில் யாரோ தமிழ் இல்லாத எழுத்துருவைப் போட்டிருக்கிறார்கள், அங்கே விண்டோஸோடு வரும் நிர்மலா யூஐ என்று மாற்றினால் கட்டங்கள் எழுத்தாகும்.